சேதுமாதவனின் ஜப்பானிய மூக்கு

ஓமானின் சோஹாரில் எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் குடியிருந்த சேதுமாதவனுக்கு, மணத்துக்கும் நாற்றத்துக்கும் ஜப்பான்காரன் வைத்திருக்கும் சொற்கள் எல்லாம் மனப்பாடம். மணமும் நாற்றமும் மட்டும் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு இது தெரிய ரொம்ப நாள் ஆயிற்று. உங்களையும் அப்படிக் காக்கவைக்க எனக்கு மனமில்லை.

அவர் திருச்சிக்காரர். துறைமுகத்தை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. தொழிற்சாலையின் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னும் நண்பர்கள் இருக்கிறார்கள். மனைவி ஜெயபாரதி, ஒரே மகள் தன்யா. உலகம் முழுக்கக் காய்ச்சல் பரவிய வருஷம் இவருக்கும் வந்தது. போகும்போது மூக்கின் வேலையையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மூச்சு வரும், வாசனை வராது. சில மாதத்தில் திரும்பிவிடும் என்று டாக்டர் சொன்னார். சேதுமாதவன் காத்திருந்தார், பிறகு காத்திருப்பதையே விட்டுவிட்டார்.

யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் ஊரில், அதாவது இந்த கல்ஃபில், உடம்பு என்பது விசாவோடு ஒட்டிய சமாசாரம். ரத்தம் கொடுத்து, எக்ஸ்ரே எடுத்து, 'ஃபிட்' என்று முத்திரை வாங்கித்தான் உள்ளே வருகிறோம். அப்புறம் சர்க்கரை வரலாம், முதுகெலும்பு நழுவலாம், ஆபீஸ் வாசலில் மட்டும் ஃபிட்டாக இருக்க வேண்டும். மேலதிகாரி கூப்பிட்டு "ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க" என்று சொன்னால், அன்றைக்கே பெட்டியின் பூட்டுச்சாவியைத் தேட ஆரம்பிக்கிற ஜனம் நாங்கள். பாதுகாப்பு அதிகாரிக்கு மூக்கு வேலை செய்யவில்லை என்று தெரிந்தால் என்ன நடக்கும் என்று சேதுமாதவன் பல விதமாக யோசித்துப் பார்த்தார். எப்படி யோசித்தாலும் கடைசியில் குடும்பத்தோடு திருச்சி விமான நிலையத்தில் போய் இறங்கினார்.

அவருடைய பயம் வேலைக்காக அல்ல, தன்யாவுக்காக. தன்யா கெட்டிக்காரிதான், ஆனால் பரீட்சை என்றால் நடுங்குவாள். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் முதல் நாள் பள்ளிக்கூட வாசலிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். சேதுமாதவன் லீவு போட்டு, ஒவ்வொரு பரீட்சைக்கும் தானே காரில் கொண்டுபோய் விட்டு, முடிகிறவரை வெயிலில் எதிர்ப் பக்கத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜன்னல் வழியாக அப்பாவின் வெள்ளைக் கார் தெரிந்தால்தான் அவளுக்குப் பேனா ஓடும். இப்போது பன்னிரண்டாவது வரப்போகிறது. அந்த மார்ச் வரைக்கும் சோஹாரை விட்டு நகரக்கூடாது. அவர் வாழ்க்கையில் அப்போது இருந்த ஒரே வேண்டுதல் அதுதான்.

இந்த நேரம் பார்த்து தொழிற்சாலையில் ஜப்பான்காரர்கள் பங்கு வாங்கினார்கள். வாங்கிய கையோடு ஒரு வழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். தினமும் காலையில் இரண்டு பேர் சுற்றுச்சுவரை ஒட்டி நடக்க வேண்டும். குறித்த இடங்களில் நின்று, முகர்ந்து, என்ன நாற்றம் என்று எழுத வேண்டும். வெளியே குடியிருப்பவர்கள் புகார் சொல்வதற்கு முன்னால் நாமே கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். கருவிக்குத் தெரியாதது மூக்குக்குத் தெரியும் என்று நம்புகிறவர்கள் அவர்கள்.

"நாற்றம் வருது" என்று மொட்டையாக எழுதினால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதற்காக ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். நல்ல மணம் என்றால் கவோரி. வறுத்தது, சுட்டது மணந்தால் கோபஷீ. கெட்டது எல்லாம் குசாய். குசாயிலும் பிரிவு உண்டு. தீய்ந்தால் கொகெகுசாய், பூஞ்சணம் பிடித்தால் கபிகுசாய், மீன் கவிச்சி அடித்தால் நமகுசாய், வேர்வைக்கு அசெகுசாய், துணியோ காகிதமோ எரிகிற வாடைக்குக் கினகுசாய். பட்டியல் இன்னும் போகும், நான் நிறுத்திக்கொள்கிறேன்.

ரோந்துக்கு யார் வருகிறீர்கள் என்று மேலாளர் ஸ்ரீனிவாசன் கேட்டபோது சேதுமாதவன்தான் முதலில் கை தூக்கினார். இதில்தான் மனிதரின் மூளை இருக்கிறது. பாதுகாப்பு அதிகாரி மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். தானே தலைமை ஏற்றால், மற்றவர்களின் மூக்கைச் சோதிக்கிற இடத்தில் உட்காரலாம். சோதிக்கிறவனை இந்த உலகத்தில் யாரும் சோதிப்பதில்லை.

தனக்குத் துணையாக யேசுதாசன் என்ற டெக்னீஷியனைத் தேர்ந்தெடுத்தார். குளச்சல் பக்கத்துக்காரர், மீன்பிடிக்கிற குடும்பம். கடற்கரையில் பிறந்தவனுக்கு மூக்கு கூர்மையாக இருக்கும் என்பது திருச்சியில் பிறந்த சேதுமாதவனின் கண்டுபிடிப்பு. சோதனையெல்லாம் வைக்கவில்லை. "உனக்கு எதுக்குப்பா சோதனை" என்று தோளில் தட்டினார். யேசுதாசனும் பெரிய அதிகாரி சொல்கிறாரே என்று தலையாட்டிவிட்டார்.

அதன் பிறகு நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். சேதுமாதவன் அந்தச் சொற்களை உருப்போட்ட மாதிரி தன்யாகூட வேதியியலை உருப்போட்டதில்லை. மொட்டைமாடியில் நடந்துகொண்டே "நமகுசாய், கபிகுசாய்" என்று முணுமுணுப்பார். ரோந்தில் காற்றுத் திசை காட்டும் துணிக்கூம்பைப் பார்ப்பார், எந்த யூனிட் ஓடுகிறது என்று பார்ப்பார், பிறகு கண்ணைச் சுருக்கிக்கொண்டு அட்டையிலிருந்து ஒரு சொல்லை உதிர்ப்பார். சந்தேகம் வந்தால் யேசுதாசன் முகத்தைப் பார்ப்பார். யேசுதாசன் மூக்கைச் சுளித்தால் குசாய், சுளிக்காவிட்டால் கவோரி. வேலை சுலபமாக ஓடியது.

ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் தமிழ் நண்பர்கள் கூடும் இடத்தில் அவரைப் பேசச் சொன்னோம். "ஜப்பானில் வாசனைக் கட்டையின் மணத்தை முகர்வதாகச் சொல்லமாட்டார்கள், கேட்பதாகச் சொல்வார்கள்" என்று ஆரம்பித்தார். எல்லோரும் வாயைப் பிளந்தோம். காதால் மணம் அறியும் சங்கதி அவருக்கு ஏன் அவ்வளவு பிடித்திருந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. உடனே ஒருவர் எழுந்து, தமிழில் இல்லாததா என்று ஆரம்பித்தார். கவிச்சி, வீச்சம், முடை, ஊசல், கருகல், மக்கல், மொச்சை வாடை என்று அடுக்கிக்கொண்டே போனார். நாற்றம் என்றாலே ஒரு காலத்தில் நறுமணம்தான் என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சமையல் பகுதியில் பிரியாணி அடிப்பிடித்துக்கொண்டிருந்ததை, இரண்டு மொழிகளையும் கரைத்துக் குடித்த அந்தச் சபையில் ஒருவரும் கவனிக்கவில்லை.

தொழிற்சாலையில் அவருக்கு 'மூக்கு சார்' என்று பெயர் வந்துவிட்டது. ஸ்ரீனிவாசனுக்கு அந்தச் சொற்கள் மேல் காதலே வந்துவிட்டது. அடுத்த வருஷத்து பட்ஜெட் 'கினகுசாய்' என்பார். யாராவது லீவு கேட்டால் 'மென்தோகுசாய்' என்பார். அது நாற்றமே இல்லை, தொல்லை பிடித்த வேலையைக் குறிக்கிற சொல். ஆனால் லீவு கேட்டு வந்தவனுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படவில்லை.

தன்யா பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன வருஷம், மொரிதா என்ற ஜப்பானிய நிபுணர் வந்து இறங்கினார். ரோந்து போகிறவர்களின் மூக்கைச் சோதிக்க வந்தவர். மூன்று பைகள் கொடுப்பார், ஒன்றில் மட்டும் மணம் இருக்கும், எது என்று சொல்ல வேண்டும். இப்படிப் பல சுற்று. "தேறாவிட்டால் ஒன்றும் ஆகாது. பழைய வேலைக்கே போகலாம். எல்லோருடைய மூக்கும் ஒரே மாதிரி இருக்காது" என்று குனிந்து வணங்கிச் சொன்னார். அந்த மனிதர் உண்மையைத்தான் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு 'ஒன்றும் ஆகாது' மட்டும்தான் காதில் விழுந்தது.

சோதனைக்கு அவரையும் யேசுதாசனையும் எதிரெதிரே உட்காரவைத்தார்கள். சேதுமாதவனுக்குப் போன உயிர் வந்தது. யேசுதாசன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். முதல் மூன்று பைகள் வந்தன. ஒவ்வொன்றாக மூக்கில் வைத்துக்கொண்டு யேசுதாசனைப் பார்த்தார். யேசுதாசன் இவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் புருவத்தைத் தூக்கினார், அவரும் தூக்கினார். இவர் மெதுவாக மூக்கைச் சுளித்துப் பார்த்தார், அவரும் சுளித்தார். மொரிதா கையில் பென்சிலோடு, பையை முகத்தில் வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் வெறித்துப் பார்க்கும் இரண்டு ஆண்களைப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சேதுமாதவனின் கை தவறி நடுப்பையின் மேல் விழுந்தது. யேசுதாசன் அந்தக் கணமே "நடு" என்றார். அவரே சொல்லிவிட்டாரே என்று இவரும் "நடு" என்றார். எல்லாச் சுற்றிலும் நடுதான். முடிந்த பிறகு மொரிதா மணம் இருந்த பைகளை வரிசையாக எடுத்து அவர்களிடம் காட்டினார். அவற்றில் ஒன்றுகூட நடுவில் இருந்தது இல்லை.

திரும்பி வரும்போது பிக்கப் வண்டியை சேதுமாதவன்தான் ஓட்டினார். கார்னிஷ் என்கிற கடற்கரைச் சாலைப் பக்கம் வந்ததும் யேசுதாசன்தான் உடைந்தார்.

"சாரே, மன்னிக்கணும். எனக்கு அந்தக் காய்ச்சலுக்குப் பொறவு ஒரு மணமும் தெரியாது. நீங்க மொகத்தச் சுளிச்சா நானும் சுளிப்பேன். அவ்வளவுதான் என் வித்த."

சேதுமாதவன் வண்டியை ஓரம் கட்டினார். "நான் உன் மூஞ்சியப் பாத்துதாம்பா இத்தனை நாளும் எழுதினேன்" என்றார்.

இருவரும் சிரித்த சிரிப்பில் வண்டி ஆடியது என்று என்னிடம் சொன்னார். பிறகு யேசுதாசன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னய மட்டும் காட்டிக் குடுத்துராதீங்க சாரே, ஊருல வீடு பாதியில நிக்குது" என்று கெஞ்சினார். சேதுமாதவன் சத்தியம் செய்து கொடுத்தார்.

மொரிதா அன்று மாலையே விமானம் ஏறிவிட்டார். அவர் அனுப்பிய அறிக்கையில் இரண்டே வரி. 'இரண்டு உறுப்பினர்களின் விடைகளும் எல்லாச் சுற்றிலும் முழுமையாக ஒத்துப்போகின்றன. இந்த முடிவு குறித்து மேலும் யோசிப்பது நல்லது.' ஜப்பான்காரர் இதைவிடக் கடுமையாக ஒருவரைத் திட்ட முடியாது என்று பிற்பாடு விஷயம் தெரிந்த ஒருவர் சொன்னார். ஸ்ரீனிவாசன் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். 'முழுமையாக ஒத்துப்போகின்றன' என்பதை மஞ்சள் பேனாவால் தீட்டி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். அங்கே இருப்பவர்களும் மஞ்சள் தீட்டியதை மட்டும்தான் படிப்பார்கள்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. சவூதியில், யான்புவில் இருக்கும் கம்பெனியின் இன்னொரு தொழிற்சாலையிலும் இதே ரோந்தைத் தொடங்க வேண்டும், பயிற்சி கொடுக்க சேதுமாதவன் ஒரு வருஷம் அங்கே போக வேண்டும், சம்பளம் கூடும், குடும்பம் சோஹாரிலேயே இருக்கலாம். ஜனவரியில் கிளம்ப வேண்டும். தன்யாவின் பரீட்சை பிப்ரவரியில் தொடங்குகிறது.

சோஹாரை விட்டுப் போகக்கூடாது என்பதற்காக மூக்கு இல்லாததை மறைத்தவர், மறைத்த காரணத்தாலேயே போக வேண்டியதாயிற்று. அன்று சாயங்காலம் ஜெயபாரதியிடம் எல்லாவற்றையும் கொட்டினார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்குத் தெரியும். ஊசிப்போன தேங்காய்ச் சட்னிய தோசைக்குத் தொட்டுக்கிட்டு, 'இன்னிக்கு மணமே தனி ஜெயா'ன்னீங்களே, அன்னிக்கே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்க ஏன் சொல்லல?" என்றாள். ஜெயபாரதியின் கண் கலங்கியிருந்தது. யாருக்குத் தெரியாமல் இருந்தாலும் தனக்குச் சொல்லியிருக்க வேண்டும் என்ற கோபம் அது. மடித்த துணியை அலமாரியில் வைத்துவிட்டு வந்து சொன்னாள்: "நாளைக்குப் போய் ஸ்ரீனிவாசன் சார்கிட்ட உள்ளதைச் சொல்லிடுங்க. வேலை போனா போகட்டும். மார்ச் வரைக்கும் எப்படியாவது ஓட்டிக்கலாம். அவளுக்கு நீங்க இங்க இருக்கணும்."

மறுநாள் சேதுமாதவன் தன் வாழ்க்கையிலேயே மிகத் தைரியமான காரியத்தைச் செய்தார். நேராக மேலாளர் அறைக்குப் போய், உட்காராமலே, "சார், எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்கு அப்புறம் சுத்தமா போயிடுச்சு. இத்தனை நாளும் நான் எழுதினது எல்லாம் ஊகம்" என்றார். யேசுதாசன் பெயரை எடுக்கவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்.

ஸ்ரீனிவாசன் பேனாவை மூடி வைத்தார். பிறகு சிரித்தார்.

"யான்பு போகப் பிடிக்கலன்னா நேரா சொல்லுய்யா. பொண்ணு பரீட்சை, அதானே? எனக்கும் பிள்ளைங்க இருக்கு. அதுக்காக மூக்கே இல்லன்னு சொல்றதா?"

"சத்தியமா சார்."

"ஜப்பான்காரன் சோதிச்சு எழுதிக் குடுத்திருக்கான். ரெண்டு பேர் விடையும் அச்சு அசலா ஒண்ணு. யேசுதாசனுக்கும் மூக்கு இல்லையா அப்ப?"

இதற்கு சேதுமாதவன் என்ன சொல்ல முடியும்? சத்தியம் செய்து கொடுத்திருக்கிறாரே. ஸ்ரீனிவாசன் மேஜையில் இருந்த ஒரு கறுப்பு பாட்டிலை எடுத்தார். ஓமானி வாடிக்கையாளர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த அத்தர், தங்க எழுத்தில் பெயர் பொறித்தது. மூடியைத் திருகி அவர் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது என்ன, சொல்லு."

தெரியவில்லை சார் என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் வந்திருந்தார். ஆனால் நாள் தவறாமல் பழகிய பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. கண் பாட்டிலைப் பார்த்தது, எழுத்தைப் படித்தது, கண்ணிமை தானாகச் சுருங்கியது, வாய் தானாகத் திறந்தது.

"ஊது சார், அகில் அத்தர். அருமையான கவோரி. அடியில லேசா ஒரு புகை இருக்கு."

ஸ்ரீனிவாசன் மேஜையைத் தட்டிச் சிரித்தார். "மூக்கு இல்லாதவன் பேச்சாய்யா இது?"

"சார், பாட்டிலைப் பாத்துட்டுச் சொன்னேன்."

"எல்லாரும் பாட்டிலைப் பாத்துட்டுத்தான்யா சொல்றோம். போ, போய் பேக் பண்ணு. கலாஸ், பேச்சு முடிஞ்சுது."

வீட்டில் இதைச் சொன்னபோது நானும் இருந்தேன். ஜெயபாரதி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தன்யாதான் பேசினாள். "அப்பா, சிம்பிள்ப்பா. கண்ணை க்ளோஸ் பண்ணிக்கிறேன், டெஸ்ட் பண்ணுங்கன்னு சொல்லிருக்கலாம்ல? தே வுட் ஹாவ் பிலீவ்ட் யூ." சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவ்வளவு எளிய யோசனை அவருக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை. திரும்பவும் போய்ச் சொல்லுங்கள் என்று ஜெயபாரதி சொல்லிப் பார்த்தாள். இரண்டாவது தடவை சொன்னால் நாடகம் என்பார்கள் என்று அவர் போகவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. மூக்கில்லாததை மறைக்க அத்தனை நாள் பாடுபட்ட மனிதர், அதை நிரூபிக்க இன்னும் ஒரு நாள் பாடுபட்டிருக்கலாம்.

ஜனவரியில் நான்தான் மஸ்கட் விமான நிலையத்தில் கொண்டுபோய் விட்டேன். யான்புவில் அவருக்குப் பெரிய மரியாதை. முப்பது பேர் வரிசையாக உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல "கொகெகுசாய்" என்கிறார்களாம். முகராமல் பக்கத்தில் இருப்பவனின் முகத்தைப் பார்க்கிற ஒருவனை முதல் நாளே கண்டுபிடித்து, திட்டாமல், பழைய வேலைக்கே அனுப்பிவிட்டாராம். அவன் அழுதுகொண்டே போனதாகச் சொன்னார்.

தன்யாவின் முதல் பரீட்சை இயற்பியல். ஜெயபாரதிக்கு வண்டி ஓட்டத் தெரியாது, அதனால் நான் கொண்டுபோய் விட்டேன். என்னுடைய கார் சாம்பல் நிறம். பள்ளிக்கூட வாசலில் அவள் கொஞ்ச நேரம் இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு இறங்கினாள். கேட்டுக்குப் பக்கத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். ஒரு டீச்சர் ஓடி வந்து முதுகைத் தடவிக் கொடுத்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

அப்போது யான்புவிலிருந்து போன் வந்தது.

"போய்ட்டாளா? எப்படிப் போனா?" என்று கேட்டார் சேதுமாதவன்.

"சிரிச்சுக்கிட்டே போனா" என்றேன்.

அவர் நம்பிவிட்டார். போனை வைக்கும்போது மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நான் எதிர்ப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, பரீட்சை முடிகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.